குச்சிப்புழு வந்த வருடம்

போன மாதம் எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மேல் டிவிஷனில் புழு விழுந்திருக்கிறது, அங்கே இரசாயன மருந்து அடிக்கக் கூடாது, அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த இயற்கை மருந்து என்னவென்று கேட்டுப் போக வந்தேன் என்றார்.

“பேரச் சொன்னாப் போதும் அக்கா. எத்தன லீட்டர் தண்ணிக்கு எவ்வளவுன்னு நான் குறிச்சுக்கிறேன்.”

“என்ன புழு தம்பி?” என்று கேட்டேன்.

போனில் ஒரு படத்தைக் காட்டினார். ஓட்டை விழுந்த ஒரு தேயிலை தெரிந்தது. புழுவைக் காணோம்.

அவருக்குத் தேநீர் கொடுத்து, தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். புறப்படும்போது, “இதையெல்லாம் எழுதித் தாங்க அக்கா, நம்ம ஆளுங்களுக்கும் காட்டணும்” என்றார். உட்கார்ந்து பார்த்தேன். மருந்தின் பெயரை மட்டும் எழுதினால் யாருக்கும் உதவாது என்று பட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் தலவாக்கலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறித்தவள். எங்கள் மேல் டிவிஷன் செங்குத்தான இடம். விளைச்சலும் குறைவு. அதை மூடிவிடப் போகிறார்கள் என்ற பேச்சு நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உண்டு. பிறகு கம்பெனி வேறொரு முடிவுக்கு வந்தது. அந்த டிவிஷனை மட்டும் இரசாயன உரமும் மருந்தும் படாத இயற்கைத் தேயிலையாக மாற்றுவது என்றார்கள். சில வருடம் ஒரு சொட்டு மருந்தும் படாமல் வைத்திருந்தால், பரிசோதகர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார். இடையில் ஒரு தடவை அடித்துவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடி தொடங்கும் பொறுமை கம்பெனிக்கு இருக்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் சிலரைப் பிரித்து, பூச்சி பார்க்கும் கேங் என்று ஒன்று வைத்தார்கள். அதில் நானும் இருந்தேன். வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எங்களுக்குப் “பூச்சிக்காரிங்க” என்று பேர் விழுந்தது. தலவாக்கலையில் நடந்த வகுப்புக்குப் பஸ்ஸில் போய் வந்தோம். படம் போட்டுக் காட்டினார்கள். அங்கே படித்ததில் பாதி மலையில் கால் வைத்ததும் மறந்துபோனது. மீதியைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் கண்டாக்கையா.

வெளிவேலையைப் பார்க்கும் உத்தியோகத்தரை நாங்கள் கண்டாக்கு என்போம். அவர் பெயர் ரத்நாயக்க. கம்பளைப் பக்கத்துச் சிங்களவர். சின்ன வயதிலேயே தோட்டத்துக்கு வந்துவிட்டதால் எங்களைப்போலவே தமிழ் பேசுவார். தோட்டத்தில் உத்தியோகத்தர்கள் எங்களை ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் ‘வாங்க’ என்பார். முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்குப் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

கழுத்தில் சப்பாத்துக் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். கையில் பிரம்பு. கடிபட்ட செடியைக் காட்டினால் உடனே வாய் திறக்க மாட்டார். முதலில் செடியின் அடியில் குந்துவார். கீழே கிடக்கும் எச்சத்தைப் பார்ப்பார். அது பச்சையாக ஈரமாக இருந்தால் தின்றவன் இன்னும் செடியில்தான் இருக்கிறான். கறுத்துக் காய்ந்திருந்தால் போய்விட்டான், அவனைத் தேடி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு இலையைப் பிடிப்பார். ஓரத்திலிருந்து தின்றிருக்கிறதா, நடுவில் ஓட்டையா, மேல்தோலை மட்டும் சுரண்டிக் கண்ணாடி மாதிரி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக இலையின் அடிப்பக்கம். எல்லாம் முடிந்த பிறகு எங்களைப் பார்த்து, “யாரு சாப்பிட்டது?” என்று கேட்பார். பெயர் தெரியாவிட்டால் கோபிக்க மாட்டார். பார்க்காமல் பெயர் சொன்னால் முகம் மாறிவிடும். அன்று முழுக்க அந்த ஆளிடம் எதுவும் கேட்க மாட்டார்.

எங்களுக்கு அதிகம் தொல்லை கொடுத்தது இலைசுருட்டிப் புழு. இரண்டு இலையை நூலால் ஒட்டி உள்ளே இருந்துகொண்டு தின்னும். அந்தச் சுருளைக் கிள்ளிப் பையில் போட வேண்டும். ஆனால் கிள்ளுவதற்கு முன்பு பிரித்துப் பார்க்கச் சொல்வார். சில சுருளுக்குள் புழு செத்துக் கிடக்கும், பக்கத்தில் தவிட்டு நிறத்தில் சின்னக் கூடுகள் கொத்தாக இருக்கும். அவை புழுவுக்குள் முட்டையிடும் குளவியின் கூடுகள். அதை அப்படியே செடியில் விட்டுவிட வேண்டும். “அது நம்ம ஆளு, சம்பளம் கேக்காத ஆளு” என்பார்.

அவரும் எல்லாம் தெரிந்தவர் இல்லை. ஒரு வருடம் சுருட்டிப்புழு அதிகமானபோது, வெள்ளைப்பூண்டு, இஞ்சி, கொச்சிக்காய் மூன்றையும் அரைத்துக் கரைத்து அடித்துப் பார்க்கலாம் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து அரைத்தோம். கை எரிந்தது. அடித்தவர்களுக்குக் கண் எரிந்தது. புழு உண்மையாகவே குறைந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாரம் அந்த மலையின் கொழுந்து தொழிற்சாலைக்குப் போனது. அங்கே தேயிலை தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரையா ஒரு கோப்பையில் அதன் சாயம் ஊற்றிக் கண்டாக்கையாவின் கையில் கொடுத்தார்.

“இதக் கொழும்புக்கு அனுப்பவா, இல்ல சோத்துல ஊத்திச் சாப்பிடவா?”

ரசம் மணந்தது. அவ்வளவு தேயிலையும் வீணாகிவிட்டது. கண்டாக்கையா அந்தக் கோப்பையை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, “என் யோசனதான்” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வாசமுள்ள எதையும் கொழுந்து பறிக்கும் மலையில் அடிக்கவில்லை. கவ்வாத்து என்று செடியைக் கட்டையாக வெட்டிவிட்ட, கொழுந்து இல்லாத மலையில் மட்டும்தான்.

இப்படித் தட்டுத்தடுமாறிச் சான்றிதழ் கிடைக்க வேண்டிய கடைசி வருடத்துக்கு வந்து சேர்ந்தோம். அந்த வருடம் குச்சிப்புழு வந்தது.

அதைப் பார்த்தால் புழு என்று தெரியாது. பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். காய்ந்த குச்சியின் நிறம், காய்ந்த குச்சியின் தடிப்பு. கொழுந்து பறிக்கிறவள் குச்சியென்று விலக்கக் கை வைப்பாள், அது மெத்தென்று வளையும். அன்றைக்கு மலை முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் வரும். முதல் வாரத்தில் அப்படி ஒன்றிரண்டு சத்தம். மூன்றாவது வாரத்தில் யாரும் சத்தம் போடவில்லை, பழகிவிட்டது. டிவிஷனைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நம்பர் போட்டு மலை என்போம். நாலாம் நம்பர் மலையின் மேல் பக்கத்தில் இலைக்குப் பதிலாக நரம்பு மட்டும் நின்றது. ஏழாம் நம்பர் மலையில் ஆரம்பித்திருந்தது.

வகுப்பில் காட்டிய படத்தை வைத்து அது எங்கிருந்து வருகிறது என்று கண்டாக்கையாவும் நாங்களும் தேடினோம். சவுக்கு என்று நாங்கள் சொல்லும் நிழல்மரத்தின் பட்டை வெடிப்பில் முட்டை இருந்தது. சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் மரத்தோடு மரமாக இறக்கை விரித்து ஒட்டிக்கொண்டிருந்தன. முட்டையிலிருந்து வரும் பொடிப்புழு நூல் விட்டுத் தொங்கும், காற்று அதைத் தேயிலைமேல் கொண்டுபோய்ப் போடும். நாங்கள் தேங்காய்ப் பொச்சால் மரத்தைத் தேய்த்தோம். அந்துப்பூச்சியைத் தட்டிக் கொன்றோம். புழுவைக் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீர் வாளியில் போட்டோம். அந்த இரண்டு மலையிலும் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து வேப்பங்கொட்டை வரவழைத்து ஊறவைத்து அடித்தோம், அன்று மாலையே மழை பெய்து கழுவிப் போனது. மறுபடி அடித்தோம், மறுபடி மழை. வாளி நிறைந்துகொண்டே இருந்தது, மலையும் வெறிச்சோடிக்கொண்டே வந்தது.

தோட்டத்து மனேஜரான பெரிய தொரை வந்து பார்த்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இலை முழுவதும் போய்விட்டால் செடியே பட்டுப்போகும், பட்டுப்போன மலையில் எந்தத் தேயிலையும் கிடையாது என்று அவர் சொன்னது உண்மைதான்.

“ரத்நாயக்க, எனக்குச் சான்றிதழும் வேணும், செடியும் வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னா செடிதான்.”

“கொஞ்ச நாள் குடுங்க சார்.”

“மருந்து ஸ்டோருக்கு வந்தாச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்.”

மருந்து வந்துவிட்டது என்ற செய்தி அன்று சாயங்காலமே எல்லா லயத்துக்கும் போய்விட்டது. சிலருக்குப் பயம், டிவிஷனை மூடிவிடுவார்கள் என்று. சிலருக்கு எரிச்சல். என் கொழுந்தன் செல்வம் இரண்டாவது கூட்டம்.

செல்வம் என் வீட்டுக்காரருக்குத் தம்பி. தோட்டத்தில் வேலை செய்யவில்லை. எங்கள் டிவிஷனுக்குக் கீழே ஆற்றோரமாகத் தோட்டம் கொடுத்த துண்டு நிலத்தில் முட்டைக்கோஸ் என்று சிலர் சொல்லும் கோவாவும் லீக்ஸும் போடுவான். வாரம் தவறாமல் மருந்து அடிப்பான். அவனுடைய கோவாவில் ஒரு ஓட்டை பார்க்க முடியாது. அவன் மனைவி புஷ்பா மேல் டிவிஷனில் கொழுந்து பறித்தாள். புழு வந்ததிலிருந்து அவளுக்கும் வேலை குறைந்துவிட்டது. அன்று கோயிலடியில் நாலு பேர் நிற்கும்போது செல்வம் சொல்லியிருக்கிறான்: “எங்க அண்ணி வாளி வாளியாப் பொறுக்குது. நான் ஒரு டேங்க் அடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சது.”

அதற்கு அடுத்த நாள் காலை நானும் மாரியாயியும் ஏழாம் நம்பர் மலையின் அடிப்பக்கம் போனோம். மாரியாயி எங்கள் கேங்கில் என்னோடு சோடியாகப் போகிறவள். ஆற்றை ஒட்டிய மூலையில் அவள் நின்றுவிட்டாள்.

“அக்கா, இங்க எல்லாம் செத்திருக்கு.”

உண்மைதான். சில வரிசைச் செடிகளில் குச்சிப்புழுக்கள் கறுத்துப்போய்த் தொங்கின. எங்களுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அந்த மூலைக்கு நேர் கீழேதான் செல்வத்தின் கோவாப் பாத்தி. அவன் முதுகில் டேங்கோடு ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்க வரும் பாதையும் அதுதான்.

கண்டாக்கையா சொந்தக்காரர் ஒருவரின் சாவுக்காகக் கம்பளைக்குப் போயிருந்தார். புழு செத்திருந்தால் அன்றே சொல்ல வேண்டும் என்பது எங்கள் வேலை. நான் ஆபீசுக்குப் போய் பெரிய தொரையிடம் சொன்னேன். யார் பேரையும் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மாரியாயி வழியில் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தாள். நான் ஆபீசிலிருந்து இறங்கி வருவதற்குள் செல்வம் களவாக மருந்து அடித்துவிட்டான் என்று தோட்டமே பேசியது.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் அவன் வாசலில் வந்து நின்று கத்தினார். பெரிய தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டு, அடித்தது உறுதியானால் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றார். அவன் ஒரு சத்தியமும் செய்யாமல் தலையைக் குனிந்து நின்றானாம். அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். புஷ்பா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

“அக்கா, நீங்கதானே போயிச் சொன்னீங்க” என்று உள்ளேயிருந்தே கேட்டாள்.

“புழு செத்திருக்குன்னு சொன்னேன் புஷ்பா. அது என் வேல.”

“மலையில எனக்கு எடம் விட மாட்டேங்கிறாங்க. நான் நிக்கிற நெரையில ஒருத்தியும் வந்து நிக்கல.”

செல்வம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். “தம்பி, அடிச்சியா?” என்று கேட்டேன்.

“இல்ல அண்ணி. ஆனா அடிப்பேன்னு சொன்னேன்ல. சொன்னதுக்குத்தான் மாட்டிக்கிட்டேன், செஞ்சதுக்கு இல்ல.”

நான் அவனை நம்பினேன். ஆனால் புழு எப்படிச் செத்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது என் நம்பிக்கையை வைத்து யாரிடம் என்ன பேசுவது?

மறுநாள் மதியம் கண்டாக்கையா வந்தார். சாவு வீட்டு வெள்ளைச் சட்டையோடு நேரே ஏழாம் நம்பர் மலைக்கு ஏறினார். பெரிய தொரையும் வந்திருந்தார், தலைவரும் வந்திருந்தார். ஐயா எல்லாருக்கும் முன்னால் குந்தி, வழக்கம்போல முதலில் தரையைப் பார்த்தார். இலைச் சருகை விலக்கிப் பார்த்தார். பிறகு செடியின் நுனியைப் பார்த்தார். ஒரு புல்லை ஒடித்து, தொங்கிய புழுவை லேசாகத் தொட்டார். தோல் கிழிந்து, உள்ளேயிருந்து கலங்கல் தண்ணீராக ஒழுகியது. தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ராசேஸ்வரி, வாங்க. கீழ எத்தன கெடக்கு?” என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“கீழ ஒண்ணும் இல்லீங்க ஐயா. எல்லாம் உச்சியிலதான்.”

“எப்படித் தொங்குது?”

“பின்னங்காலால பிடிச்சிக்கிட்டுத் தல கீழாகத் தொங்குதுங்க.”

ஐயா எழுந்து, செடிக்கும் செடிக்கும் நடுவில் இருந்த சிலந்தி வலையைப் பிரம்பால் காட்டினார். சிலந்தி உயிரோடு நடுவில் உட்கார்ந்திருந்தது. பக்கத்து இலையில் ஒரு பொறிவண்டு ஊர்ந்தது.

“சார், மருந்து பட்டா புழு சுருண்டு கீழ விழும். சிலந்தியும் சாகும். மருந்து கீழ தள்ளும், இது மேல ஏத்தியிருக்கு. இது மருந்து இல்ல சார். புழுவுக்கு வந்த நோய்.”

“அப்படின்னு நீங்க சொல்றீங்க. பரிசோதகர் கேட்டா நான் என்ன காட்டுறது?”

கேள்வி நியாயமானது. ஐயாவும் அதை நியாயம் என்றுதான் எடுத்துக்கொண்டார். மூன்று ஜாம் போத்தல் கொண்டுவரச் சொன்னார். நாலாம் நம்பர் மலையிலிருந்து நல்ல புழுக்களைப் பிடித்தோம். ஒரு போத்தலில் நல்ல புழுவும் நல்ல இலையும். இரண்டாவதில் நல்ல புழுவும், செத்த புழு ஒழுகிய மூலையின் இலையும். மூன்றாவதில் செல்வத்தின் வீட்டிலிருந்தே அவன் மருந்தை வாங்கி, அதைத் தெளித்த இலையும் நல்ல புழுவும். மேலே துணி கட்டி ஆபீஸ் ஜன்னலில் வைத்தோம். காலையும் மாலையும் பார்ப்பது என் பொறுப்பு. பெரிய தொரையும் போகும்போது வரும்போது எட்டிப் பார்த்தார்.

மருந்துப் போத்தலில் இருந்தவை சாயங்காலத்துக்குள் சுருண்டு அடியில் கிடந்தன. மூலை இலையைத் தின்றவை முதல் இரண்டு நாள் நன்றாகவே தின்றன. பிறகு அவை தின்பதை நிறுத்தின. மினுமினுப்பாக வீங்கின. ஒவ்வொன்றாகப் போத்தல் வாய்க்கு ஏறித் துணியைப் பிடித்தன. ஒரு நாள் காலை நான் போனபோது துணியில் தலை கீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் போத்தலில் நல்ல புழுக்கள் இன்னும் குச்சிபோல விறைத்து நின்றன. பெரிய தொரை மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். “சரி ரத்நாயக்க” என்றார்.

அடுத்த நாள் காலைப் பெரட்டு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கும் நேரம். பனி விலகவில்லை. கண்டாக்கையா வேலை சொல்வதற்கு முன்னால் இதைச் சொன்னார்:

“செல்வம் மருந்து அடிக்கல. புழு நோயில செத்தது. கம்பளையில இருந்து வரும்போது நானும் அவர்தான் அடிச்சிருப்பார்னு நெனச்சிக்கிட்டுத்தான் வந்தேன். அது தப்பு. அவர்கிட்டயும் சொல்லிட்டேன், உங்ககிட்டயும் சொல்றேன்.”

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கூட்டம் கலைந்து மலைக்கு ஏறும்போது, மாரியாயி வேகமாகப் போய்ப் புஷ்பாவின் பக்கத்தில் நடந்தாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அன்று புஷ்பாவின் நிரைக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்றது.

இனி அந்த உத்தியோகத்தர் தம்பி கேட்ட மருந்து. நோயில் செத்த புழுவே மருந்து, அந்த நோயை மற்றக் குச்சிப்புழுக்களுக்கும் கொடுப்பதுதான் வேலை. செத்துத் தொங்கும் புழுவை உடையாமல் எடுத்துச் சேர்க்க வேண்டும். கையில் றப்பர் உறை. அதை அரைக்க யாரும் வீட்டு அம்மியைத் தரவில்லை, தரவும் மாட்டார்கள். உடைந்துபோன என் பழைய ஆட்டுக்கல்லில் அரைத்தோம். நாற்றத்தில் மாரியாயி இரண்டு தரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அரைத்ததைத் தண்ணீரில் கரைத்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டி, இலையில் ஒட்ட கொஞ்சம் சீனிப்பாகு சேர்த்தோம். வெயில் பட்டால் அதன் வேகம் போய்விடும், அதனால் வெயில் சாய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். புழு சின்னதாக இருக்கும்போதே அடித்தால்தான் பலன். அடித்த மலையில் நல்ல மழை பெய்யும்வரை கொழுந்து பறிக்கக் கூடாது.

மருந்து பட்ட டேங்க் உதவாது என்று புது டேங்குகள் எடுத்தோம். முதல் நாள் மாலை தூக்குவதற்கு ஆள் போதவில்லை. செல்வம் கீழேயிருந்து ஏறி வந்தான்.

“என் டேங்க வேணாம். என் முதுக எடுத்துக்குங்க” என்றான்.

அந்தச் செங்குத்தில் டேங்கோடு அவனைப்போல நடக்க எங்களில் யாராலும் முடியாது. அடித்து முடித்து இறங்கும்போது, “புழுக்கொழம்பு” என்று சொல்லிச் சிரித்தான். பிரச்சினை வந்த பிறகு அவன் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

எல்லாம் பிழைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை, ஸ்டோரில் மருந்து காத்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஏழாம் நம்பர் மலையில் புழுக்கள் உச்சிக்கு ஏறத் தொடங்கின. அந்த மலை தப்பியது. நாலாம் நம்பரின் மேல் பக்கம் கைமீறிப் போயிருந்தது. அதை நேரத்துக்கு முன்பே கவ்வாத்து வெட்டச் சொன்னார் ஐயா. புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால் இரும்புப் பற்களுள்ள முள்ளால் மண்ணைக் கிளறிவிட்டு, லயத்துக் கோழிகளைக் கூடையில் கொண்டுவரச் சொன்னார். கொழுந்துக்கூடையில் கோழியைச் சுமந்து மலை ஏறிய பெண்களைப் பார்த்துப் பெரிய தொரைகூடச் சிரித்துவிட்டார். கோழிகள் ஒரு வாரம் அங்கேயே மேய்ந்தன. சில செடிகள் துளிர்க்கவே இல்லை. அந்த இடம் இன்றும் மொட்டையாகத்தான் இருக்கிறது.

பரிசோதகர் வந்தார். நடந்ததை ஐயா ஒளிக்காமல் சொன்னார். அவர் மண்ணும் இலையும் எடுத்துப் போனார். மழைக்காலம் முடிவதற்குள் சான்றிதழ் வந்தது. அதற்குப் பிறகு குச்சிப்புழு அந்த அளவுக்கு வரவில்லை. ஒவ்வொரு வருடமும் சவுக்குப் பட்டையில் முட்டையைத் தேடுவதே எங்கள் முக்கியமான வேலையாகிவிட்டது. ஐயா ஓய்வு பெற்றுப் போனார். சில வருடம் கழித்து நானும் வேலையை விட்டேன்.

பிறகு அரசாங்கம் தடை போட்டு, நாடு முழுக்க இரசாயன உரமும் மருந்தும் நின்றுபோன வருடம் வந்தது. அந்த வருடம் என் வீட்டு வாசலில் செருப்பு குறைந்ததே இல்லை. கந்தப்பளையிலிருந்துகூட ஆள் வந்தது. செல்வமும் வந்தான். கோவாவை வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு சல்லடையாக்கிக்கொண்டிருந்தது. பாத்திக்கு நடுவில் கடுகு விதைத்துப் பூச்சியை அங்கே இழுக்கச் சொன்னேன். காலையில் புழு பொறுக்கச் சொன்னேன். சவர்க்காரத் தண்ணீர், சாம்பல், வேப்பெண்ணெய் எல்லாம் சொன்னேன். அவன் ஒன்று விடாமல் செய்தான். பாதிக் கோவா தேறியது, பாதி போனது. பல வருடம் மருந்து குடித்த மண்ணில் குளவியும் சிலந்தியும் திரும்பி வர அவகாசம் வேண்டும். ஒரு போகத்தில் நடக்கிற காரியம் இல்லை. அதை அவனுக்குச் சொன்னேன். “போகம் போகமாத்தான் அண்ணி நான் சாப்பிடுறேன்” என்றான்.

தடை நீங்கியதும் முதல் ஆளாகப் போய் மருந்து வாங்கினான்.

சில மாதம் கழித்து ஒரு நாள் மாலை அவனும் புஷ்பாவும் வீட்டுக்கு வந்தார்கள். அவன் கையில் ஒரு கோவா. வெளியிலை முழுக்க ஓட்டை.

“இது உங்களுக்கு அண்ணி. வீட்டுப் பக்கமா ரெண்டு பாத்தி தனியாப் போட்டிருக்கேன். அதுல மருந்து அடிக்கிறதில்ல. எங்க பிள்ளைங்களுக்கு அதுல இருந்துதான்.”

“மத்தது?”

“மத்தது லொறிக்கு.” கையிலிருந்த கோவாவின் ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே சொன்னான்: “கடைக்குப் போற கோவாவுல ஓட்ட இருந்தா யாரும் எடுக்க மாட்டாங்க.”

புஷ்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோவாவை வாங்கி உள்ளே கொண்டுபோய், நாலாக வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பச்சைப் புழுக்கள் மிதந்தன. அவற்றை எடுத்து வெளியே போட்டுவிட்டு, மூன்று பேருக்கும் பொரியல் செய்தேன்.

நன்றாக இருந்தது.